செப்புத் தகட்டில் ஒரு மச்சம்

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஆராதனை முடிந்ததும் சத்தியநேசன் நேரே தாசையன் வீட்டுக்குப் போவான். நான்கு வருஷமாக இப்படித்தான். திருவனந்தபுரத்தில் அவனுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார் வேலை இருந்தது. கிழக்கேகோட்டைக்கு வெளியே வாடகைக்கு ஓர் அறை இருந்தது. அந்த அறையில் கட்டில் போடவேண்டிய இடத்தில் ஓர் அச்சு இயந்திரமும் இருந்தது. வீடு என்று சொல்ல எதுவும் இல்லை. ஆறு நாள் ஹோட்டல் சாப்பாடு. ஏழாவது நாள் பழவங்காடியில் தாசையனின் மாடி வீட்டில், தாசையனின் மனைவி சுசீலாபாய் வைத்த மீன்குழம்பு.

சத்தியநேசனும் தாசையனும் தெற்கே மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். இருவருக்கும் சித்திரக் கிறுக்கு. தாசையன் எண்ணெய்ச் சாயத்தில் பெரிய மனிதர்களை வரைந்து நன்றாகவே சம்பாதித்தான். சத்தியநேசன் கல்கத்தாவுக்குப் போய், செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, திராவகத்தில் அரிக்கவிட்டு அச்செடுக்கும் புது வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தான். அதை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை.

தாசையனின் கல்யாணத்தன்றே உறவு முறை தீர்மானமாகிவிட்டது. "சுசீலா, இவன் சத்தியநேசன். உனக்குக் கூடப்பிறக்காத அண்ணன்" என்று தாசையன் சொன்னான். அன்று முதல் அவள் 'நேசண்ணே' என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். பதிலுக்கு அவன் 'தங்கச்சி' என்று கூப்பிட வேண்டும். நான்கு வருஷமாக அந்த ஒரு வார்த்தை அவன் தொண்டையைத் தாண்டவில்லை. "கேட்டியளா", "இங்க பாருங்க" என்று முறையில்லாமலே பேசிச் சமாளித்துக்கொண்டிருந்தான். இதுவரை யாரும் அதைக் கவனிக்கவில்லை. யாராவது கவனித்தால் அவனுடைய ஞாயிற்றுக்கிழமை அன்றோடு முடிந்தது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

1938-ஆம் வருஷம், அவர்கள் கல்யாண நாள் திரும்பி வர ஒரு மாதம் இருக்கும்போது, சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டே தாசையன் சொன்னான்:

"லே நேசா, இவளை நீ ஒரு படம் போடணும்."

"நீ இருக்கும்போது நான் எதுக்கு?"

"நான் ரெண்டு தடவை போட்டாச்சு. ரெண்டிலயும் ஜமீன்தார் பெண்டாட்டி மாதிரி உக்காந்திருக்கா. எனக்குக் கை அப்படிப் பழகிப்போச்சு. உன்னோட கோழி கிளறின கோட்டில ஒண்ணு வேணும்."

"ஏன், கோழி கிளறின மூஞ்சியாக்கும் எனக்கு?" என்று உள்ளேயிருந்து சுசீலாபாய் கேட்டாள்.

"எனக்கு நிறைய சோலி கிடக்கு" என்றான் சத்தியநேசன்.

"என்ன சோலி? பிள்ளைகளுக்குப் பூசணிக்காய் வரையச் சொல்லிக்கொடுக்கிற சோலிதானே? அடுத்த ஞாயிறு தகட்டைக் கொண்டு வா."

மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை.

*

அடுத்த ஞாயிறு, சாப்பாட்டுக்குப் பிறகு, சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்காரனிடம் வாங்கித் தேய்த்து மெழுகு பூசிய செப்புத் தகட்டோடு சத்தியநேசன் உட்கார்ந்தான். சுசீலாபாயை ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்தான். பிறகு சுவரிலிருந்த நிலைக்கண்ணாடியைக் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டி, அதைப் பார்த்தபடி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அமர்ந்தான்.

அவள் சிரித்துவிட்டாள். "முதுகைக் காட்டிக்கிட்டுப் படம் போடுறவரை இப்பத்தான் பாக்கேன்."

"தகட்டில நான் கீறுறது காகிதத்தில இடம் வலமா மாறி விழும், கேட்டியளா. இடது கை வலது கையாயிரும். உங்களை நேரே பாத்து வரைஞ்சா அச்சில எல்லாம் தலைகீழ். கண்ணாடியில ஏற்கெனவே மாறித்தானே தெரியுது? அதைப் பாத்து வரைஞ்சா அச்சில திரும்பவும் மாறி, சரியா வந்திரும்."

"அப்ப நான் யாரைப் பாக்கணும்?"

"கண்ணாடியைப் பாருங்க."

அறையின் மறுகோடியில் தாசையன் தன் வேலையில் இருந்தான். காலமாகிவிட்ட ஒரு தாசில்தாரை, சின்ன புகைப்படத்தைப் பார்த்துப் பெரிய படமாக்கிக்கொண்டிருந்தான். அவ்வப்போது தூரிகையை வாயில் கடித்தபடி இந்தப் பக்கம் பார்த்து, "லே, மூக்கைப் பாத்துப் போடு. அது அவ அப்பாவுக்க மூக்கு. எனக்கு அதில பங்கில்ல" என்பான்.

இப்படி நான்கு ஞாயிற்றுக்கிழமை. பழைய கிராமபோன் ஊசியைப் பேனாக் கட்டையில் செருகி, அதனால் மெழுகைக் கீறிக்கொண்டே போனான் சத்தியநேசன். நான்கு வருஷமாக அவள் சோறு பரிமாறக் குனியும்போது இலையைப் பார்த்தவன், பேசும்போது ஜன்னலைப் பார்த்தவன், இப்போது இரண்டு மணி நேரம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவள் புருஷனே அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறான். கண்ணாடியில் அவள் கண்ணும் இவனைப் பார்த்தது. கீழே தெருவில் பிள்ளையார் கோயில் வாசலில் தேங்காய் உடையும்போதெல்லாம் அவள் இமை ஒரு முறை துடித்து அடங்கும். இவன் ஊசியை எடுத்துவிட்டுக் காத்திருப்பான்.

ஆனால் ஒன்றை அவன் கண்டுகொண்டான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் எந்தச் சலனமும் இல்லை. தபால்காரனையும் அவள் இப்படித்தான் பார்ப்பாள். அன்பான பார்வைதான், ஆனால் அதில் அவனுக்கென்று தனியாக எதுவும் இல்லை. நான்கு ஞாயிறும் அவன் தேடிய பார்வை அந்தக் கண்ணாடிக்குள் வரவில்லை.

இரண்டாவது ஞாயிறு அவள் ஒரு கோரிக்கை வைத்தாள்.

"நேசண்ணே, இந்த மச்சத்தைப் போட்டிராதீங்க."

இடது கன்னத்தில், உதட்டு ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி, கடுகளவு மச்சம்.

"ஏன்?"

"பள்ளிக்கூடத்தில 'ஈ சுசீலா'ன்னு கூப்பிடுவாளுக. 'டீச்சர், இவ மூஞ்சியில ஈ உக்காந்திருக்கு, விரட்டட்டா'ன்னு ஒருத்தி எழுந்து நின்னு கேட்டா, கேட்டுக்கிடுங்க. டீச்சரும் சிரிச்சிட்டா. இவரு போட்ட ரெண்டு படத்திலயும் மச்சம் கிடையாது. சொன்னேன், விட்டுட்டாரு."

"சரி, போடல" என்றான் சத்தியநேசன்.

சொன்னபடியே அந்த இடத்தில் ஊசி படாமல் வரைந்து முடித்தான்.

நான்காவது ஞாயிறு வேலை முடிகிற நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தாசில்தாரின் மகன் சேஷன் வந்தார். கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் வீடு, செக்ரட்டேரியட்டில் உத்தியோகம். இரண்டு நாள் முன்புதான் படத்தை எடுத்துப்போயிருந்தார். இப்போது துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்திருந்தார்.

"மிஸ்டர் தாசையன், தப்பா நெனைச்சுக்காதேங்கோ. படம் ஒஸத்தியாத்தான் இருக்கு. கோட்டு, தலைப்பா, எல்லாம் அப்பாவேதான். ஆனா அம்மா படத்தைச் சுவர்ப் பக்கமாத் திருப்பி வெச்சுட்டா."

"ஏன் சார், என்ன குறை?"

"அப்பாவுக்குக் காதோரம் ஒரு மரு உண்டு. மிளகு மாதிரி. நீர் அதை விட்டுட்டீர்."

"மருதானே சார்? அழகுக்காக விட்டேன். பெரிய மனுஷன் படத்தில எதுக்குன்னு."

"நானும் அதையேதான் சொன்னேன். அம்மா கேக்கலை. நாப்பது வருஷமா அதைத்தான் பாத்துண்டிருந்தாளாம். 'எல்லாம் இருக்கு, அது மட்டும் இல்லை, இது யாரோ'ங்கறா. போட்டுக் குடுத்துடுங்கோ. அதுக்கு எக்ஸ்ட்ரா உண்டான்னா சொல்லுங்கோ."

தாசையன் சிரித்துக்கொண்டே படத்தை வாங்கி, புகைப்படத்தை வெளிச்சத்தில் பிடித்து மருவைத் தேடினான். சத்தியநேசன் தகட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினான்.

*

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவன் அறையில் திராவகத் தட்டைத் தயார் செய்தான். தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் கடைசியாக ஒரு முறை பார்த்தான். கறுத்த மெழுகில் செம்புக் கோடுகள் மின்னின. நெற்றி, வகிடு, அவள் அப்பாவின் மூக்கு, தோளில் முந்தானை. எல்லாம் இருந்தது.

அது மட்டும் இல்லை. இது யாரோ.

ஒரு புள்ளிதானே? அவன் ஊசியை எடுத்தான். கண்ணாடி பழவங்காடியில் இருந்தது. அதைப் பற்றி அவன் நினைக்கவே இல்லை. நினைக்க என்ன இருக்கிறது? எதிரே நின்று சோற்றுக் கரண்டியோடு "இன்னும் கொஞ்சம் போடட்டாண்ணே" என்று கேட்கும் முகத்தில் அது எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். உதட்டு ஓரத்திலிருந்து ஒரு விரல். ஊசியை ஊன்றி, அழுத்தி, ஒரு திருகு திருகி எடுத்தான். பிறகு தகட்டைத் திராவகத்தில் இறக்கி, எழுந்த குமிழ்களைக் கோழியிறகால் தள்ளிவிட்டுக்கொண்டே நின்றான்.

சனிக்கிழமை அச்செடுக்கத் தாசையனும் வந்திருந்தான். "என் பெண்டாட்டி பொறக்கிறதை நான் பாக்காண்டாமா?" என்று கேலி பேசிக்கொண்டே நனைத்த காகிதத்தை ஒற்றிக் கொடுத்தான். சத்தியநேசன் தகட்டில் மை தேய்த்து, மல்லுத் துணியால் துடைத்து, உருளைகளுக்கு நடுவே வைத்துச் சக்கரத்தைச் சுற்றினான். மறுபக்கம் வந்த காகிதத்தை ஓரம் பிடித்துப் பைய உரித்தான்.

தாசையன் கிட்டே வந்து பார்த்தான்.

"கொள்ளாம்" என்றான். பிறகு, "லே, ரொம்பக் கொள்ளாம். இது அவளேதான். நான் ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படி..."

பாதியில் நின்றுவிட்டான். குனிந்தான். காகிதத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனான்.

சத்தியநேசனும் அப்போதுதான் பார்த்தான். முந்தானை இடது தோளில் சரியாக விழுந்திருந்தது. வகிடு சரி, மூக்கின் சாய்வு சரி. கண்ணாடியைப் பார்த்துக் கீறியதெல்லாம் இடம் மாறி, சரியான பக்கத்தில் வந்திருந்தது. மச்சம் மட்டும் வலது கன்னத்தில் இருந்தது.

"மச்சத்தைப் போட வேண்டாம்னு அவ சொன்னாளே" என்றான் தாசையன். குரலில் கேலி இல்லை.

"மறந்துட்டேன்."

"நான் அங்கேயே இருந்தேன். நாலு ஞாயிறும் நீ போடல. வீட்டுக்கு வந்து போட்டிருக்கே."

சத்தியநேசன் கையிலிருந்த மைத்துணியை மடித்தான்.

"கண்ணாடி இல்லாம போட்டிருக்கே. அவளை நேரே பாக்கிற மாதிரி."

"கை தப்பிருச்சு, தாசையா."

"தப்பல." தாசையன் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேத்து அந்தத் தாசில்தாருக்கு மருவைப் போட்டேன். போடும்போது யோசிச்சேன், சுசீலாவுக்கு மச்சம் எந்தப் பக்கம்னு. எனக்கு உடனே சொல்லத் தெரியல, நேசா. ராத்திரி சோறு போடும்போது பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நீ யோசிக்கக்கூட இல்ல."

அச்சு இயந்திரத்தின் உருளையிலிருந்து ஒரு சொட்டு நீர் தரையில் விழுந்தது. சத்தியநேசன் ஏதாவது சொல்லியிருக்கலாம். 'நான் இதுவரை ஒரு தப்பும் செய்யவில்லை' என்று சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். ஆனால் அதைச் சொன்னாலே மற்றதும் வெளியே வந்துவிடும்.

தாசையன் ஈரக் காகிதத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து எடுத்துக்கொண்டான். படியிறங்கினான். நாளைக்கு வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

*

மறுநாள் ஆராதனையில் சத்தியநேசன் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. முடிந்ததும் கூட்டத்தோடு கலந்து பக்கவாசல் வழியாக நழுவப் பார்த்தான்.

"நேசண்ணே!"

சுசீலாபாய் வேதப் புஸ்தகத்தை மார்போடு அணைத்தபடி வேகமாக வந்தாள். தாசையன் சற்று முன்னால், திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தான்.

"எங்க ஓடுறீங்க? இன்னைக்குப் படம் பாக்கணும்ல. இவரு நேத்து அட்டையை அலமாரியில வச்சுப் பூட்டிட்டாரு. நேசன் வரட்டும்னு சொல்லிட்டாரு. என்ன, மூஞ்சி அவ்வளவு மோசமா வந்திருக்கா?"

அவளுக்குத் தெரியாது. சத்தியநேசன் மூன்று பேரில் கடைசி ஆளாக நடந்தான்.

வீட்டில் தாசையன் அலமாரியைத் திறந்து படத்தை எடுத்து மேஜையில் சாய்த்துவைத்தான். சுசீலாபாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். சாய்ந்து பார்த்தாள். நேராகப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்று இழுத்தாள். "ஆனா என்னவோ மாதிரி இருக்கு. வகிடு மாறி இருக்கு. மூக்கு அந்தப் பக்கம் சாயுது. இந்த மச்சம் ஒண்ணுதான் எனக்கு இருக்கிற மாதிரி அதே இடத்தில இருக்கு."

"உனக்கு மச்சம் இடது கன்னமாக்கும்" என்றான் தாசையன்.

"யாரு சொன்னா?" அவள் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, அதில் தெரிந்த மச்சத்தைத் தொட்டுக் காட்டினாள். "இந்தா, இங்க. படத்திலயும் இந்தப் பக்கம்தானே இருக்கு?"

அவள் தன் முகத்தை வாழ்நாளெல்லாம் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறாள். அவளுக்கு அது சரி, மற்றதெல்லாம் தப்பு. தாசையன் வாயைத் திறந்து ஏதோ விளக்க வந்தவன், வேண்டாமென்று மூடிக்கொண்டான்.

அவள் திரும்பினாள். "சரி, அது கிடக்கட்டும். போட வேண்டாம்னு நான் சொன்னேன்ல? சரின்னும் சொன்னியளே, அண்ணே. பிறகு யாரு போடச் சொன்னது?"

கீழே தெருவில் ஒரு ஜட்கா மணியடித்துக்கொண்டு போனது. சத்தியநேசன் படத்தைப் பார்க்காமல், அவளையும் பார்க்காமல், ஜன்னல் கம்பியைப் பார்த்தான். அந்த வீட்டு ஜன்னலில் ஏழு கம்பிகள். நான்கு வருஷத்தில் எத்தனையோ தடவை எண்ணியிருக்கிறான்.

"நான்தான்" என்றான் தாசையன்.

"நீங்களா?"

"ஆமா."

"உங்க ரெண்டு படத்திலயும் விட்டியளே."

"அப்ப நீ சொன்னதைக் கேட்டு விட்டேன். புத்தி இல்ல. அந்த சேஷன் வந்துட்டுப் போனாரே, அதுக்குப் பிறகு தோணிச்சு. அது இல்லாம நீ இல்லன்னு."

சுசீலாபாய் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். பிறகு தலையை உயர்த்திப் புருஷனைப் பார்த்தாள்.

சத்தியநேசன் அந்த நேரம் பார்த்து ஜன்னலிலிருந்து திரும்பிவிட்டான். நான்கு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியில் அவன் தேடிய முகம் அதுதான். அது ஒரு முழம் தூரத்தில் இருந்தது. வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"பொய் சொல்லுறாரு" என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இவரு இப்படியெல்லாம் பேசுற ஆளில்ல. நீங்க சொல்லுங்க, நேசண்ணே. இவரா சொன்னாரு?"

தாசையனும் இப்போது அவனைப் பார்த்தான். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. இவ்வளவு நாள் தன் மனைவிக்குத் தான் கொடுக்காத ஒன்று அவள் கைக்கு வந்திருக்கிறது, அதைப் பிடுங்கிவிடாதே என்ற கெஞ்சல்.

"ஆமா, தங்கச்சி" என்றான் சத்தியநேசன். "அவன்தான் சொன்னான்."

வார்த்தை இவ்வளவு சுலபமாக வரும் என்று அவன் நினைக்கவில்லை.

"அப்ப இருக்கட்டும்" என்று சுசீலாபாய் படத்தை எடுத்து, ஜன்னலோரம் ஆணியில் தானே மாட்டினாள். தாசையன் போட்ட இரண்டு எண்ணெய்ப் படங்களையும் அன்றே கழற்றி உள் அறைக்குக் கொண்டுபோனாள். மீன்குழம்பில் அன்று உப்பு ஒரு கை கூடியிருந்தது. இருவரும் அதைச் சொல்லவில்லை.

தாசையன் படி வரைக்கும் கூட வந்தான்.

"தகட்டை என்ன செய்யப்போறே?"

"சுரண்டிடுறேன்."

"சுரண்டினா போயிருமா?"

"தகட்டில போயிரும்."

தாசையன் படிக் கைப்பிடியைத் தடவினான். "அடுத்த வாரம் நெய்மீன் வாங்கணும்னு சொல்லிட்டிருந்தா. நேரத்தோட வா" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினான்.

*

சுரண்டும் கத்தியால் கோடு கோடாக எடுக்க மூன்று சாயங்காலம் ஆயிற்று. ஈரக் காகிதம் பக்கத்திலேயே இருந்தது. இன்னோர் அச்சு எடுத்துக்கொள்ள ஐந்து நிமிஷம் போதும். சத்தியநேசன் எடுக்கவில்லை. வகிடு போயிற்று, தோள் போயிற்று, கண் போயிற்று. மச்சத்தைக் கடைசிக்கு வைத்திருந்தான். ஊசியை அன்று அழுத்தி ஊன்றியிருந்ததால் திராவகம் அந்த இடத்தை ஆழமாகத் தின்றிருந்தது. எவ்வளவு தேய்த்தும் குழி போகவில்லை. நல்ல தகட்டை வீணாக்க முடியாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக அதே தகட்டில் ஒரு பூசணிக்காயைக் கீறினான்.

அதன் அச்சு ஒன்றைத் தாசையன் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்கு நடுவே சுசீலாபாய் அதை எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நேசண்ணே, உங்க பூசணிக்காயில ஈ உக்காந்திருக்கு."

"விரட்டிப் பாத்தேன், தங்கச்சி. போகல."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தாசையன் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"லே, மீனில முள்ளு இருக்கு" என்றான். "பாத்துத் தின்னு."